சிவப்புப் பெட்டியில் இரண்டு நூன்

ஜாதிக்காய் வியாபாரி அப்துல் ஹமீது அந்தச் சிவப்புப் பெட்டியைக் கொண்டுவந்து கடை மேசைமேல் வைத்தபோது, உள்ளே இருந்த இனிப்பெல்லாம் அவருடைய பேரப்பிள்ளைகளின் வயிற்றுக்குப் போய்விட்டிருந்தது. அரிசி ஆலைத் தவுக்கேயான சீன முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் கொடுத்த பெட்டி. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மூடியின் மேல் பொன் மையில் ஒரு சீன எழுத்து.

"கனி, எம் மக நூர்ஜான் கல்யாணத்துக்கு இதே மாதிரி வேணும்லா. ஆனா இதே மாதிரி இருக்கவும் கூடாது" என்றார்.

முகம்மது கனிக்குப் பினாங்கு சூலியா தெருவில் கடுதாசிக் கடை. நோட்டுக் கட்டுவான், கல்யாணப் பத்திரிகை அச்சிடுவான், உறை ஒட்டுவான். வாடிக்கைக்காரர் எது சொன்னாலும் "புரியுது" என்று சொல்லிவிடுவது அவன் பழக்கம். அன்றும் சொன்னான். அவர் தலை மறைந்ததும் பெட்டியை மாடிக்கு அனுப்பிவிட்டான். மாடியில் தங்கை காமாரியா இருந்தாள். கடையின் கைவேலையெல்லாம் அவளுடையது.

காமாரியாவுக்குப் பத்தொன்பது வயது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு உலகத்தை மாடிச் சன்னலின் மரச்சட்டங்களுக்கு நடுவே பார்த்து வளர்ந்தவள். பெருங்கூச்சக்காரி. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடக்கூடிய விஷயத்தை ஒரு மாதம் உற்றுப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். அதில் அவளுக்குக் குறை இருப்பதாகத் தோன்றியதில்லை.

பெட்டியைக் கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் காட்டிப் பசையை இளக்கினாள். விரித்துத் தரையில் போட்டாள். மூடியில் எட்டு இதழ்கள் இருந்தன. ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, எட்டாவது இதழ் முதலாவதன் அடியில் செருகிக்கொண்டது. மூடுவதற்குப் பசையும் வேண்டாம், நூலும் வேண்டாம். இதை மூன்று நாளில் கற்றுக்கொண்டாள். எழுத்துதான் பிடிபடவில்லை. அதை ஒரு வாரம் பார்த்தாள். பிறகு ஒருநாள் அரிசி களையும்போது தோன்றியது: அது ஒரு எழுத்தே அல்ல. ஒரே எழுத்தை இரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கையைக் கோத்து விட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்திருப்பதுபோல.

மாப்பிள்ளை பெயர் நைனா முகம்மது. பெண் நூர்ஜான். இரண்டு பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. அரபியில் அந்த எழுத்துக்கு நூன் என்று பெயர். ஒரு கிண்ணம், அதற்கு மேலே ஒரு புள்ளி, அவ்வளவுதான். காமாரியா இரண்டு நூன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, நடு ஓரங்களை ஒட்டவிட்டாள். பார்க்க மிகவும் நன்றாக வந்தது. இரண்டு கிண்ணங்களில் இரண்டு முட்டைகள் வைத்ததுபோல இருந்தது. அதுவும் பொருத்தமாகத்தான் பட்டது. ஏனென்றால் உள்ளே வைக்கப்போவது முட்டைதான்.

பினாங்கில் இவர்கள் வீட்டுக் கல்யாணங்களில், வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பக்கூடாது. அவித்த முட்டையைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்து, காகிதப்பூக் காம்பில் கட்டிக் கொடுப்பார்கள். கூடவே மஞ்சள் போட்டு வேகவைத்த பூலுட் என்னும் ஒட்டரிசிச் சோறு. காலங்காலமாக ஒரு கையில் பூவும் மறுகையில் சோற்றுப் பொட்டலமுமாக ரிக்‌ஷாவில் ஏறத் திண்டாடியிருக்கிறார்கள். காமாரியா பெட்டியை இரண்டு தட்டாக்கினாள். கீழே வாழையிலையில் சோறு, மேலே ஓர் அட்டை வளையத்தில் முட்டை நின்றபடி. மூடினால் ஒன்றும் சிந்தாது.

அப்துல் ஹமீது மாதிரிப் பெட்டியைப் பார்த்துத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அவருடைய மனைவிக்கு மூட்டுவலி, படுக்கையோடு படுக்கை. கல்யாண வீட்டை நடத்துகிறவள் அவருடைய அக்கா ஆசியா பீவி. அவள் மட்டும் மூக்கைச் சுளித்தாள்.

"சீனன் பெட்டியாட்டம்ல இருக்கு?"

"அதுக்குத்தானே செய்யச் சொன்னேன்" என்றார் அப்துல் ஹமீது.

முந்நூற்றைம்பது பெட்டிக்குச் சொல்லிவிட்டார். நாள் அதிகம் இல்லை. மாப்பிள்ளைக்கு ரங்கூனில் வேலை கிடைத்து, அடுத்த மாதம் கப்பல் ஏற வேண்டும். பேசி முடித்த நாளிலிருந்து இருபத்தேழாம் நாள் கல்யாணம். "என்ன அவசரமாம்?" என்று கேட்கிறவர்கள் இருந்தார்கள். போன வருஷம் நூர்ஜானுக்குக் கடல் தாண்டி மேடானில் ஓர் இடம் நிச்சயமாகி, அந்த வீட்டார் காரணம் சொல்லாமல் விலகிக்கொண்டார்கள். அவர்கள் சொல்லாத காரணத்தைச் சூலியா தெருவில் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். இதுவும் நின்றுபோனால் நூர்ஜானுக்கு இன்னோர் இடம் அமையாது. இது ஊருக்குத் தெரியும், நூர்ஜானுக்கும் தெரியும். சிறு வயதில் ஓதற்பள்ளியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓதிய காமாரியாவுக்கும் தெரியும்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, புதன்கிழமை, பெட்டிகள் எல்லாம் மடித்து முடிந்தன. காமாரியா வீட்டிலேயே கொஞ்சம் மஞ்சள் சோறு வேகவைத்து, ஒரு முட்டையைச் சிவப்பாக்கி, ஒரு பெட்டியில் வைத்துப் பார்த்தாள். சரியாக உட்கார்ந்தது.

"இந்த மொதப் பெட்டியக் கிம் நியோ நோன்யா வீட்டுல குடுத்துட்டு வந்துரு புள்ள" என்றான் முகம்மது கனி. கிம் நியோ, அவர்களுக்குக் காகிதம் விற்கும் சீனரின் மனைவி; சீன வீட்டு அம்மாள்களை அங்கே நோன்யா என்பார்கள். ஆர்மேனியன் தெருவில் வீடு. "நல்ல தாளாப் பொறுக்கிக் குடுத்தவங்க. மரியாதைக்கு."

"நீங்க போங்க நானா" என்றாள் அண்ணனிடம்.

"அச்சு ஓடுதுல்ல? பெட்டிய நீட்டிட்டு வரதுக்கு உனக்கு வாயே வேண்டாம்லா."

அதுதான் தப்பாகப் போயிற்று. வாய் வேண்டியிருந்தது.

கிம் நியோ வாசலுக்கு வந்தாள். ஐம்பது வயது, வெற்றிலைச் சிவப்பு ஏறிய உதடு. உள்ளே மேசையைச் சுற்றி மூன்று பெண்கள் செர்கிச் சீட்டோடு அவளுக்காகக் காத்திருந்தார்கள். காமாரியா பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினாள். நோன்யா மூடியைப் பார்த்தாள். இதழ்களைப் பிரித்தாள். சிவப்பு முட்டையைப் பார்த்தாள், அதன் கீழே மஞ்சள் சோற்றைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. மலாயில் கேட்டாள்:

"லாக்கியா, பெரம்புவானா?"

ஆணா, பெண்ணா? மாப்பிள்ளை வீட்டுப் பெட்டியா, பெண் வீட்டுப் பெட்டியா என்று கேட்கிறாள், என்று காமாரியா எடுத்துக்கொண்டாள்.

"பெரம்புவான்" என்றாள்.

"நல்லது, நல்லது. பெண்ணும் நல்லதுதான். யார் வீட்டில்?"

"ஜாதிக்காய் அப்துல் ஹமீது வீட்டில். அவர் மகள் நூர்ஜானுக்கு."

"அப்படியா! விருந்து என்றைக்கு?"

"ஞாயிற்றுக்கிழமை."

"தாயார் நலமா?"

காமாரியா நூர்ஜானின் தாயாரை நினைத்துக்கொண்டாள். "எழுந்து நடக்க முடியவில்லை. எண்ணெய் தேய்த்துவிடுகிறார்கள்."

"நடக்கவே கூடாது!" என்றாள் நோன்யா. "காற்றுப் படக்கூடாது. குளிர்ந்த தண்ணீர் ஆகாது. இஞ்சி கொடுக்கச் சொல், நிறைய இஞ்சி."

மூட்டுவலிக்கு இஞ்சி நல்லதுதான் என்று காமாரியாவும் கேள்விப்பட்டிருந்தாள். தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். தன் வாழ்நாளில் அந்நியர் ஒருவரோடு இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. திரும்பி நடக்கும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை, நோன்யா வீட்டுச் சமையற்காரி ஒரு தட்டோடு மாடியேறி வந்தாள். சிவப்புத் துணி போர்த்திய தட்டு. காமாரியா துணியை விலக்கினாள். ஒரு கட்டு இஞ்சி, ஒரு புட்டி நல்லெண்ணெய், ஒரு டஜன் வேகவைக்காத முட்டை. இவற்றுக்கு நடுவில் சிவப்புப் பட்டில் தைத்த ஒரு சின்னச் சட்டை. காமாரியாவின் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

"சீட்டு விளையாடுறவங்க நாலு பேரும் சேர்ந்து அனுப்பினாங்க. பிள்ளையின் அம்மாவிடம் கொடுத்துடு" என்றாள் சமையற்காரி. "எங்க வழக்கத்தில் சாராயமும் வைப்போம். நீங்க இஸ்லாம், அதனால் வைக்கவில்லை. சமைத்ததும் எதுவும் வைக்கவில்லை, நீங்க சாப்பிட மாட்டீங்க என்று."

"எந்தப் பிள்ளை?"

சமையற்காரி அவளை இரக்கத்தோடு பார்த்தாள். "ஒரு மாசம் ஆன பிள்ளைதான். சிவப்பு முட்டையும் மஞ்சள் சோறும் கொடுத்தீங்களே. ஆலைத் தவுக்கேயின் நோன்யாதான் சொன்னாங்க, ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் கல்யாணம் என்றுதானே பத்திரிகை வந்தது என்று. அதுதான் இவ்வளவு அவசரமா என்றாங்க. பரவாயில்லை. பிள்ளை என்ன பாவம் செய்தது?"

அவள் போனபிறகு காமாரியா தட்டுக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சீனர் வீடுகளில் குழந்தைக்கு மாதம் நிறைந்தால் அக்கம்பக்கத்துக்குச் சிவப்பு முட்டையும் மஞ்சள் சோறும் கொடுப்பார்கள். சீனர் தெருக்களில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் சீனர் வீட்டுச் சமையல் காமாரியாவின் வீட்டுப்படி ஏறியதில்லை. ஏறாததை அவள் எப்படிப் பார்த்திருக்க முடியும்? காகிதப்பூக் காம்பில் கட்டியிருந்தால் அந்த முட்டை கல்யாண முட்டை. சிவப்புப் பெட்டியில், சோற்றின்மேல் உட்கார்ந்தால் அது வேறு முட்டை. போதாததற்கு மூடிமேல் பொன்னில் இரண்டு கிண்ணம், இரண்டு முட்டை.

அண்ணன் முதலில் சிரித்தான். சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அவ கேட்டதுக்கு நீ என்னா சொன்ன?"

"ஒரு வார்த்தைதான் சொன்னேன்."

"அந்த ஒரு வார்த்தைதான் புள்ள நாலு வீட்டுக்குப் போயிருக்கு." மேசைமேல் விரலால் தட்டினான். "யார்கிட்டயும் மூச்சு விடாத. ரெண்டு நாளு போனா மறந்துருவாங்க."

"ஞாயித்துக்கெழம சீனங்க பதினோரு குடும்பம் வராங்க நானா. ஆளுக்கொரு பெட்டி குடுக்கப்போறோம்."

முகம்மது கனி அச்சை ஓட்டப் போய்விட்டான்.

காமாரியா சட்டையை மடியில் மறைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனாள். நூர்ஜான் மருதாணிக் கைகளை விரித்து வைத்தபடி உள்ளறையில் இருந்தாள். வெளியே வரக்கூடாத நாட்கள். காமாரியா சட்டையை அவள் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னாள். சொல்ல அதிக நேரம் ஆகவில்லை.

நூர்ஜான் வாய்விட்டுச் சிரித்தாள். கையைத் தூக்கிக் கண்ணைத் துடைக்கப்போய், மருதாணி நினைவுக்கு வந்து தோளில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கே தெரியாம எனக்கு ஒரு மகளா? மூக்கு யாரு மாதிரிடி?"

பிறகு சிரிப்பு குறைந்தது.

"போன வருஷம் மேடான்காரங்க வேண்டாம்னாங்க. ஒரு வருஷம் நான் சன்னல்கிட்டக்கூடப் போகல. இப்பத்தான் என்னைப் பத்திப் பேசுறத விட்டிருந்தாங்க." சட்டையின் கயிற்றைக் காலால் தள்ளினாள். "மாமியார் காதுக்குப் போயிருக்குமா?"

"தெரியல."

"போயிருந்தா கல்யாணம் நடக்காது காமாரியா."

ஆசியா பீவி உள்ளே வந்தவள் சட்டையைப் பார்த்தாள். விஷயம் கேட்டாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் கத்தினாள். அந்த அளவு நிதானம் அவளுக்கு இருந்தது.

"அன்னைக்கே சொன்னேன், சீனன் பெட்டி வேண்டாம்னு! கேட்டானா என் தம்பி? அத்தனையையும் அடுப்புல போடு. பேசத் தெரியாத ஒருத்தி, கேக்கத் தெரியாத நோன்யா ஒருத்தி, ரெண்டு பேருமா சேர்ந்து என் புள்ள தலையில கொள்ளி வச்சிட்டீங்களே!"

"பெட்டி கெடக்கட்டும் மாமி" என்றாள் நூர்ஜான். "பெட்டி மேல தப்பில்ல. சோத்தையும் முட்டையையும் வெளிய எடுங்க. பேரீச்சம்பழமும் கல்கண்டும் போடுங்க. முட்டை பழையபடி பூக்காம்புலயே இருக்கட்டும்."

"அப்ப அந்த நாலு வீடு?"

நூர்ஜான் காமாரியாவைப் பார்த்தாள். "சொன்ன வாய்தான் போய் இல்லைன்னு சொல்லணும்."

அன்று பிற்பகல் ஆர்மேனியன் தெருவில் வழக்கம்போலச் சீட்டு நடந்துகொண்டிருந்தது. காமாரியாவை உள்ளேயே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை. சட்டையை எடுத்து மேசைமேல், சீட்டுகளின் நடுவே வைத்தாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"நூர்ஜானுக்குக் குழந்தை இல்லை."

நான்கு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிம் நியோ எழுந்து வந்து அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"புரிகிறது மகளே. இல்லை. இல்லை என்றுதான் நாங்களும் சொல்வோம்."

"உண்மையாகவே இல்லை."

"இல்லவே இல்லை" என்றாள் ஆலைத் தவுக்கேயின் நோன்யா, மிகுந்த கனிவோடு. "எனக்கும் மகள்கள் இருக்கிறார்கள். இந்தக் கதவுக்கு வெளியே ஒரு சொல் போகாது." ஏற்கெனவே எங்கெல்லாம் போயிற்று என்பதை அவள் சொல்லவில்லை.

மூன்றாவது நோன்யா சட்டையை மடித்துக் காமாரியாவின் கையிலேயே திணித்தாள். "வைத்துக்கொள். குளிருக்கு ஆகும்."

மறுக்க மறுக்க அவர்களுடைய கனிவு அதிகமாயிற்று. காமாரியாவுக்கு அழுகை வந்தது. அழுதால் அதுவும் குழந்தைக்காகத்தான் என்று நினைப்பார்கள் என்று தோன்றியதும் அழுகை நின்றது. திரும்பிப் போய்விடலாம். போனால், இந்த நான்கு பேரும் ஞாயிற்றுக்கிழமை பட்டுக் கெபாயா உடுத்திக்கொண்டு வந்து, நூர்ஜானைப் பார்த்து இதே கனிவோடு தலையை ஆட்டுவார்கள். அதைப் பார்க்க மாப்பிள்ளையின் தாயார் அங்கே இருப்பாள்.

மேசையோரத்தில் சீட்டுப் புள்ளி எழுதும் பென்சில் கிடந்தது. காமாரியா அதை எடுத்தாள். புள்ளித் தாளின் பின்பக்கத்தில் ஒரு கிண்ணம் வரைந்து புள்ளி வைத்தாள்.

"இது முட்டை இல்லை. இது எழுத்து. இது நைனா முகம்மது, மாப்பிள்ளை." பக்கத்தில் இன்னொன்று. "இது நூர்ஜான். உங்கள் கல்யாணப் பெட்டியில் ஒரே எழுத்து இரண்டு முறை இருந்தது. அதைப் பார்த்து நான்தான் வரைந்தேன். யாரையும் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வராது."

சீட்டுகள் கீழே வைக்கப்பட்டன.

"லாக்கியா பெரம்புவானா என்று கேட்டீர்கள். மாப்பிள்ளை வீடா, பெண் வீடா என்று நினைத்தேன். பெண் வீட்டுப் பெட்டி, அதனால் பெரம்புவான் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், அதனால் ஞாயிற்றுக்கிழமை என்றேன்."

"நில்லு" என்றாள் கிம் நியோ. "தாயாருக்கு நடக்க முடியவில்லை என்றாயே?"

"பெண்ணின் தாயாருக்கு. ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் வலி."

கிம் நியோ குனிந்து தன் முழங்காலைப் பார்த்தாள்.

"முழங்காலுக்கா நான் இஞ்சி கொடுத்தேன்?"

பிறகு அந்த வீட்டில் எழுந்த சிரிப்புக்குச் சமையற்காரி அடுப்பை விட்டு ஓடிவந்தாள். கிம் நியோ மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஆலைத் தவுக்கேயின் நோன்யாவுக்கு வெற்றிலை புரையேறியது. காமாரியாவை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். ஐந்தாவது வீட்டிலிருந்து ஒருத்தியை அழைத்துவந்து அவளுக்காகவும் சொல்லச் சொன்னார்கள். அதையும் சொன்னாள். கேள்வியை அவர்கள் கேட்க, பதிலை அவள் சொல்ல வேண்டும். "பெரம்புவான்" என்று அவள் சொல்லும் இடத்தில் ஒவ்வொரு முறையும் மேசையைத் தட்டினார்கள். தன்னைப் பார்த்து இத்தனை பேர் சிரிப்பது நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது தன் வேலை என்று அவளுக்கு விளங்கிற்று.

வெள்ளிக்கிழமைக்குள் கதை சூலியா தெருவுக்கு வந்துவிட்டது. ஆனால் இப்போது கதையின் நாயகி காமாரியா. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த முகம்மது கனியை ரிக்‌ஷாக்காரர்கள், "என்ன தாய்மாமா, பட்டுச் சட்டை மருமக நல்லாருக்கா?" என்று கேட்டார்கள். தையற்கடை யூசுப் கடைப்படியில் நின்று மாடியைப் பார்த்து, "லாக்கியா பெரம்புவானா?" என்று குரல் கொடுத்தான். காமாரியா சன்னலைச் சாத்தினாள். பேரீச்சம்பழத்தைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முந்நூற்றைம்பது பெட்டிக்கு அது இரண்டு நாள் வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலை கல்யாண வீட்டு மாடியில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். கீழே ஆண்கள், ஓதிவைக்கும் லெப்பை, பதிவுப் புத்தகம் எல்லாம் தயார். அந்தக் குடும்பங்களில் மாப்பிள்ளையின் தாயார் பெண்ணுக்குக் கருகமணி கட்டவேண்டும். கட்டியாயிற்று என்று மாடியிலிருந்து சொல்லி அனுப்பிய பிறகுதான் கீழே நிக்காஹ் ஓதுவார்கள்.

மாப்பிள்ளையின் தாயார் சலேஹா பீவி கருகமணிப் பேழையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேழை மூடியே இருந்தது. கீழேயிருந்து இரண்டு முறை கேட்டு அனுப்பினார்கள். இரண்டு முறையும் அவள், "இருக்கட்டும்" என்றாள். ஆசியா பீவியின் முகம் வெளுத்துவிட்டது. சலேஹா பீவி என்ன கேள்விப்பட்டிருக்கிறாள் என்று கேட்கவும் முடியாது. கேட்டால், கேள்விப்படாததையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். நூர்ஜான் குனிந்த தலை நிமிரவில்லை. காமாரியா கதவுக்குப் பின்னால் பெட்டித் தாம்பாளத்தோடு நின்றாள்.

அப்போது நோன்யாக்கள் வந்தார்கள். நான்கு பேரும் ஒன்றாக, பட்டுக் கெபாயாவும் வைரக் கொண்டை ஊசியுமாக. கிம் நியோவுக்குப் பத்திரிகையே கிடையாது. ஆலைத் தவுக்கேயின் நோன்யாவோடு தானாக வந்திருந்தாள். நேராகப் பெண்ணிடம் போய், மோவாயைத் தொட்டு, இடுப்பை எல்லோர் முன்னாலும் இரண்டு கையாலும் அளந்து பார்த்தாள்.

"எறும்பு இடுப்பு! இவளுக்கா நான் பிள்ளைச் சட்டை அனுப்பினேன்?" என்றாள் மலாயில், மாடி முழுக்கக் கேட்கும்படி.

ஆசியா பீவி கண்ணை மூடிக்கொண்டாள்.

கிம் நியோ முழுக் கதையையும் சொன்னாள். அவளுக்கு அது ஆறாவதோ ஏழாவதோ தடவை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் கைவந்திருந்தது. காமாரியாவின் குரலையும் தலையாட்டலையும் அப்படியே செய்து காட்டினாள். முழங்கால் வந்த இடத்தில் கிழவிகள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த அறையில் படுத்திருந்த நூர்ஜானின் தாயார், "என் காலைப் பத்தி என்னா பேச்சு அங்க?" என்று கேட்டது மறுபடி ஒரு சிரிப்பைக் கிளப்பியது.

சலேஹா பீவி சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"எவ அந்தப் புள்ள?" என்று தமிழில் கேட்டாள்.

யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. காமாரியா தாம்பாளத்தோடு தானே முன்னால் வந்தாள்.

"நான்தான் மாமி."

"பெட்டியக் குடு."

சலேஹா பீவி மூடியைப் பார்த்தாள். ஓதத் தெரிந்தவள். விரலால் வலமிருந்து இடமாக எழுத்தைத் தடவினாள். "நூன்... நூன்" என்று வாய்க்குள் சொன்னாள். இதழ்களைப் பிரித்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்று முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். கொட்டையைக் கைக்குட்டையில் வைத்தாள்.

"வெள்ளிக்கெழம எங்க ஊட்டுக்கு வந்த கதையில முழங்கால் இல்ல" என்றாள். "வெறும் புள்ளதான் இருந்துச்சு. அத வச்சுக்கிட்டு ரெண்டு நாளா நான் தூங்கல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மச்சி" என்றாள் ஆசியா பீவி.

"எப்படிக் கேக்குறது?" என்றாள் சலேஹா பீவி. பிறகு காமாரியாவைப் பார்த்தாள். "ஒத்த வார்த்தை பேசி ஊரையே கலக்கிட்டியே. நாலு வார்த்தை பேசியிருந்தா பினாங்கு கடலுக்குள்ள போயிருக்கும் போல."

இப்போதுதான் அவள் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. பேழையைத் திறந்தாள். கருகமணியைக் கையில் எடுத்து நூர்ஜானுக்குப் பின்னால் போய் மண்டியிட்டாள். பெண்ணின் தலையில் பூவும் முடியும் முக்காடுமாகக் கழுத்தே தெரியவில்லை.

"நின்னுக்கிட்டு என்ன பாக்குற?" என்றாள் காமாரியாவிடம். "தட்ட வச்சிட்டு வா. முடிய ஒதுக்கிப் புடி."

காமாரியா தாம்பாளத்தைத் தரையில் வைத்துவிட்டு வந்து, இரண்டு கையாலும் நூர்ஜானின் முடியை வாரித் தூக்கிப் பிடித்தாள். கழுத்து வேர்த்திருந்தது. சலேஹா பீவி முடிச்சை ஒருமுறை போட்டு, இழுத்துப் பார்த்து, இன்னொருமுறை போட்டாள். பிறகு படிக்கட்டுப் பக்கம் திரும்பி, கீழே ஓதச் சொல்லலாம் என்றாள்.